வள்ளி யார் மகள்?

‘வள்ளி திருமணம்’ நாடகத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் தவறாமல் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: ஆபாசமில்லாதது. கிழவனும் குறத்தியும் விடிய விடியச் சண்டை போட்டுக்குவாங்க, கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்பு வரும், ஆனா ஒரு கெட்ட வார்த்தை இருக்காது, பொம்பளப் பிள்ளைங்களோட உக்காந்து பாக்கலாம் என்பார்கள். எம்.ஏ. தமிழ் படித்தபோது என் பேராசிரியர் ஒருவரும் இதையே கொஞ்சம் இலக்கணச் சுத்தமாகச் சொன்னார்: ஊடல் வழியே கூடல், நகை வழியே பக்தி. நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். மதிப்பெண்ணும் வாங்கினேன். சுத்தம் சுத்தம் என்கிறார்களே, எதைக் கழுவி இந்தச் சுத்தம் வந்தது என்று அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்கிறேன்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் குருவி விரட்டுகிறாள் வள்ளி. நாரதர் போய் முருகனிடம் அவள் அழகைச் சொல்ல, அவன் வேடனாக வருகிறான். அப்பன் நம்பிராசன் வந்ததும் வேங்கை மரமாக நின்றுகொள்கிறான். அப்புறம் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்கிறான், விக்கல் எடுத்துத் தண்ணி கேட்கிறான், தாகம் தீர்ந்ததும் கல்யாணம் கேட்கிறான். அவள் திட்டுகிறாள். அண்ணன் கணபதியை யானையாக வரச்சொல்லிப் பயமுறுத்துகிறான். பயந்துபோய் அவனையே கட்டிக்கொள்கிறாள். கூட்டிக்கொண்டு ஓடுகிறான். துரத்தி வந்த வேடர்கள் செத்து விழுகிறார்கள், பிறகு எழுந்திருக்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது.

இதைப் பாய்ஸ் கம்பெனி மேடைக்கும் ஸ்பெஷல் நாடக மேடைக்கும் உரியதாக்கிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பெரிய கலைஞர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பாட்டும் வசனமும் எழுதி வைத்தவர், நடுவில் ‘தர்க்கம்’ என்று ஓர் இடத்தைத் திறந்து வைத்தார். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அங்கே சொந்தச் சரக்கை இறக்கலாம். நாடகத்தின் உயிர் அந்தத் திறந்த இடத்தில்தான் இருக்கிறது. எஸ்.எஸ். விசுவநாததாஸ் அந்த இடத்துக்குள் புகுந்துதான், குருவி விரட்டுகிற பாட்டில் வெள்ளைக்காரனைக் கொக்காக்கி விரட்டினார். அதற்காகப் பல தடவை சிறைக்குப் போனார். 1940 டிசம்பரில் சென்னையில் முருகன் வேஷத்திலேயே, மேடையிலேயே உயிர் விட்டார். நாவிதர் சாதியில் பிறந்த மனுசன் மயில்மேல் உட்கார்ந்து சாமியாகப் பேசினார் என்பதை நாடக வரலாறு எழுதுகிறவர்கள் தேசபக்தி என்கிற ஒற்றை வரியில் கடந்துபோகிறார்கள். அந்தக் கிரீடத்தை யார் தலையில் பார்த்தது அன்றைய சனம் என்று யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் ஸ்பெஷல் நாடகம் கிடையாது. ஆரணியிலிருந்து போளூர் போகிற வழியில் திருமலையைச் சுற்றியிருக்கிற ஊர்களில் கூத்துதான். பாரதக் கூத்து ஆடுகிற அதே ஆட்கள் ஆடிக் கிருத்திகைக்கு ‘வள்ளி திருமணம்’ கட்டுவார்கள். பபூனுக்குப் பதில் கட்டியங்காரன், பெட்டியும் மத்தளமும் முகவீணையும், பெண் வேஷமெல்லாம் ஆண்கள். எங்க காலனியில் ஒரு செட்டு இருந்தது. அதில் வள்ளி வேஷம் கட்டியவர் என் சின்ன நைனா. பகலில் கரும்பு வெட்டவோ கிணறு தூர் வாரவோ போவார். ராத்திரி புருவம் எழுதி, ஜடை வைத்து, கவண் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றால் எங்க ஆயாவுக்கே அடையாளம் தெரியாது.

2001 ஆடிக் கிருத்திகை. எனக்குப் பத்து வயசு. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்க செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர் பேரைச் சொல்ல விரும்பவில்லை, சொன்னாலும் எல்லா ஊரும் அதுதான். கூத்துக் களரிக்கு இந்தப் பக்கம் ஊர்சனம் பாய் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நாங்கள். ஆடுகிறவன் எங்க ஆளு, முதுகை மட்டுந்தான் எங்களுக்குக் காட்டி ஆடுவான். நான் வள்ளியின் ஜடையைப் பார்த்தே வளர்ந்தவள்.

கிழவன் தேன் குடித்தாயிற்று, தினைமாவு தின்றாயிற்று, தண்ணியும் குடித்தாயிற்று. இனித் தர்க்கம். கிழவன் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: ‘பெண்ணே, நீ என்ன குலம்?’ ஏட்டில் அதற்கு ஒரு பாட்டு இருக்கிறது. சின்ன நைனா அதைப் பாடவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்:

‘இன்னா தாத்தா நீ, தண்ணி குடிச்சி முடிச்சிட்டு ஜாதி கேக்கற? முன்னாடியே கேட்டிருந்தா எனக்கு ஒரு சொம்பு தண்ணி மிச்சம், உனக்கு ஒரு தீட்டு மிச்சம்.’

புளியமரத்தடி குலுங்கியது. பாயில் உட்கார்ந்திருந்தவர்களிலும் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று புரிந்திருக்கும். அந்த ஊர் டீக்கடையில் அப்போது எங்களுக்குத் தனி கிளாஸ். கட்டியங்காரன் சமாளிக்கப் பார்த்தார். மலையைக் கைகாட்டி, ‘தோ மேல நிக்கறாரே நேமிநாதரு, கல்யாணப் பந்தி வரைக்கும் வந்து திரும்பிப் போனவரு. அவரு புத்திசாலி. நீ வந்து மாட்டிகினியே சாமி’ என்றார். (திருமலை சமணர் மலை. குந்தவை பேரில் ஜினாலயம் இருக்கிறது, முதலாம் ராஜேந்திரனின் கல்வெட்டு இருக்கிறது, பதினாறு அடிக்கு மேல் உயரமாக நேமிநாதர் நிற்கிறார். கல்யாண விருந்துக்குக் கட்டி வைத்த ஆடுமாடுகள் கத்துவதைக் கேட்டு, மணவறைக்குப் போகாமல் துறவுக்குப் போனவர் என்று அவர் கதை. எங்க கட்டியங்காரனுக்குப் படிப்பு கிடையாது, ஆனால் இதெல்லாம் தெரியும்.) அதுவும் எடுபடவில்லை. பாயிலிருந்து ஒரு குரல் வந்தது: ‘வேஷத்த வேஷமா ஆடுடா.’

‘டா’. வள்ளி வேஷத்தில் நிற்கிற ஆளைப் பார்த்து. ஒரு எழுத்தில் சேலையை உருவி, கிரீடத்தைக் கழற்றி, மனுசனைப் பழையபடி காலனியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். சின்ன நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஏட்டில் இருந்த பாட்டைப் பாடினார். விடியும்வரை ஏட்டில் இருந்ததை மட்டும் பாடினார். கல்யாணக் காட்சிக்கு வள்ளிக்குப் பட்டுச் சேலை கட்டவேண்டும். எங்க அம்மா ஆரணிக்காரர் ஒருவர் தறிக்குத் தார் சுத்திக் கொடுத்துக் கூலி வாங்கியவர். வருசம் பூரா பட்டு இழை விரலில் ஓடினாலும் வீட்டில் ஒரு பட்டுச் சேலை கிடையாது. அன்றைக்கு வள்ளி கட்டியது பாலியஸ்டர்.

இந்தச் சம்பவத்தை நான் ரொம்ப நாள் ஓர் அவமானமாக மட்டும்தான் நினைத்திருந்தேன். கந்தபுராணத்தை உட்கார்ந்து படித்தபோதுதான் அது ஒரு விமர்சனம் என்று உறைத்தது. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் எழுதியதில் வள்ளியம்மை திருமணப் படலம் கடைசியில் வருகிறது. இடம் நம்ம வடஆர்க்காட்டு மேல்பாடி, வள்ளிமலை. அங்கே வள்ளி யார்? திருமாலின் மகள் சுந்தரவல்லி. முருகனை மணக்கத் தவம் கிடந்தவள். திருமாலே சிவமுனிவராக இருந்து, திருமகளே மானாக இருந்து, மறுபடி பிறந்தவள். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் நம்பி கண்டெடுத்தான், அவ்வளவுதான். அவனுக்கு வளர்ப்பு உரிமை, பிறப்பு உரிமை இல்லை. ஆகவே மாமன் மகளைத்தான் மருமகன் கட்டினான். குலம் கலக்கவில்லை. யாரும் பதறவேண்டாம்.

அப்படியானால் ராத்திரி முழுக்க நடந்த ‘நீ என்ன குலம்’ சண்டைக்கு என்ன அர்த்தம்? அது பொய்ச் சண்டை. கேட்கிறவனுக்கு விடை தெரியும், நாரதருக்குத் தெரியும், பார்க்கிற சனத்துக்கும் தெரியும். தெரியாதவள் வள்ளி மட்டுமே. தன்னைக் குறத்தி என்று நம்பிக்கொண்டு வாதாடுகிற ஒருத்தியைச் சுற்றி நின்று எல்லாரும் சிரிக்கிறார்கள். சாதியை மீறுகிற சந்தோசம் கொஞ்சம் கிடைக்கிறது, மீறியதற்கான தண்டனை இல்லை. இதற்குப் பேர்தான் சுத்தம் என்று நினைக்கிறேன். கழுவப்பட்டது கெட்ட வார்த்தை அல்ல, நம்பிராசனின் ரத்தம்.

புராணத்துக்கு முன்னால் இப்படி இருந்ததாகத் தெரியவில்லை. நற்றிணையின் 82ஆம் பாட்டில் முருகனோடு சேர்ந்து வருகிற வள்ளிக்கு முன்பிறவி எதுவும் சொல்லப்படவில்லை. பரிபாடலில் குன்றம்பூதனார் பாடிய ஒன்பதாம் பாட்டு இன்னும் ருசியானது. வள்ளிக்கும் தெய்வானைக்கும் சண்டை மூண்டு, தோழிகள் சேர்ந்து, மயில்கள்கூட மோதிக்கொள்கின்றன. வேதக்காரர்களின் மணத்தைவிடத் தமிழின் களவு உயர்ந்தது என்பது அந்தப் பாட்டின் கட்சி. இதை ‘ஆதித் தமிழர் சாதியற்றவர்’ என்று உடனே கொடி பிடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சங்கப் பாட்டிலும் இழிசினன், புலையன் என்ற சொற்கள் கிடக்கின்றன. நான் சொல்ல வருவது சின்ன விசயம். வள்ளிக்குப் பிறப்பு ரகசியம் பிறகு தைத்துப் போட்ட ஒட்டு. பட்டில் கரையும் உடலும் சேருகிற கோர்வை மாதிரி நேர்த்தியாகத் தைத்திருக்கிறார்கள். ஆனால் தறி தெரிந்தவளுக்கு இழை மாறுகிற இடம் தெரியும்.

இந்த ஒட்டு வள்ளிக்கு மட்டும் போட்டதல்ல. மதுரைவீரன் சக்கிலியர் வீட்டுப் பிள்ளையாக வளர்கிறான், ஆனால் அரசன் மகன். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படம் இதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவனை வளர்த்தவர்களாக வந்த என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் சிரிப்புக்காகத்தான் அங்கே இருக்கிறார்கள். முத்துப்பட்டன் கதையில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் பெண்கள். நா. வானமாமலை பதிப்பித்துக் காட்டிய அந்தக் கதைக்கு ஒரு வீரியம் உண்டு. பெண் வேண்டுமென்றால் பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் காட்டு என்று மாமனார் நிபந்தனை போடுகிறார். பார்ப்பான் தைக்கிறான். இறங்கி வரவேண்டியவன் மாப்பிள்ளை. பெண்ணை ஏற்றிவிடுகிற வேலை அங்கே இல்லை. அதைப் பொறுக்கமுடியாமல் அந்தப் பெண்களும் பார்ப்பனர் காட்டில் விட்டுப்போன குழந்தைகள்தான் என்று பின்னால் ஒட்டுப் போட்டார்கள். நம்ம ‘கர்ண மோட்சம்’ கூத்தில் வருகிற பொன்னுருவியை எடுத்துக்கொள்ளுங்கள். தேரோட்டி மகன் என்று சொல்லிப் புருசனை அண்டவிடமாட்டாள். கர்ணனும் அவளும் பேசிக்கொள்கிற இடத்தில் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செத்துப் போகப்போகிற அன்றைக்கு அவன் தான் குந்தி மகன் என்று சொன்ன பிறகுதான் அவள் காலில் விழுகிறாள். தேரோட்டி மகனாகவே ஒருத்தி அவனை நேசித்திருந்தால் என்ன கெட்டுப்போகும்? கதை கெட்டுப்போகும் போலிருக்கிறது.

வெள்ளைக்காரர் கதையிலும் இந்தச் சண்டைக்காரி உண்டு. கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட தொகுப்பில் ஒரு ராசகுமாரி மாப்பிள்ளைகளையெல்லாம் கேலி பண்ணுகிறாள். அப்பன் அவளைப் பிச்சைக்காரனுக்குக் கட்டி வைக்கிறான். பட்டினி கிடந்து, சட்டி விற்று, அடுப்படியில் வேலை பார்த்து வாய் அடங்கிய பிறகு, பிச்சைக்காரன்தான் ராசா என்று சொல்கிறார்கள். உலகம் பூரா வாயாடிப் பெண்ணுக்கு ஒரு யானை தயாராக இருக்கிறது. தர்க்கத்தில் வள்ளி தோற்பதே இல்லை, இதைக் கவனியுங்கள். ஆறு தலை உனக்கு எந்தக் காதில் தோடு போடுவது என்கிறாள், சுடுகாட்டில் ஆடுகிற அப்பன், வெண்ணெய் திருடின மாமன் என்று குடும்பத்தையே இழுக்கிறாள். பேச்சில் ஜெயிக்கமுடியாமல்தான் அவன் யானையைக் கூப்பிடுகிறான். வேண்டாம் வேண்டாம் என்றவள் பயத்தில் கட்டிக்கொண்டதைச் சம்மதம் என்று எழுதி, மங்களம் பாடுகிறார்கள். அந்த இடத்தில் ஒருநாளும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. எங்க ஆயாவும் அந்த நேரம் பார்த்து வெத்தலை இடிப்பாள்.

சாமியைக் கட்டிக்கொடுத்த சனம் என்ன ஆனது? 1911 சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் குறவர்கள் குற்றப்பரம்பரைப் பட்டியலில் வந்தார்கள். கைரேகை, ராத்திரி ஆஜர், ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு. தினைப்புனம் காக்கிற பாட்டை மாகாணம் பூரா பாய்ஸ் கம்பெனிகள் பாடிக்கொண்டிருந்த அதே காலம். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு என்பதையே அரசாங்கத்துக்கும் சினிமாவுக்கும் புரியவைக்கப் பல பத்தாண்டு ஆயிற்று. நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2023இல். அதே 2023இல் தமிழக அரசு ‘குறவன் குறத்தி’ ஆட்டத்துக்குத் தடை போட்டது. குறவர் அமைப்புகள் தங்கள் பேரில் ஆபாசம் ஆடுகிறார்கள் என்று போராடிப் பெற்ற தடை அது. அவர்கள் கோபம் நியாயம். நான் கேட்பது, ஆபாசமான குறத்தியை நிறுத்தியாயிற்று, சுத்தமான குறத்தியை யார் விசாரிப்பது? இவளையும் ‘எலி தின்கிற குலம்’ என்று மேடையில் கிண்டல் பண்ணித்தானே கைதட்டு வாங்குகிறார்கள். வாயால் சொல்கிற அசிங்கம் அசிங்கமில்லையா?

நம்பிராசன் துரத்தி வருகிற காட்சிக்கு வருவோம். கூத்தில் அது கால்மணி நேரம். கட்டியங்காரன் வேடர் படைத்தலைவனாகி, தடுக்கி விழுந்து, வில்லைத் தலைகீழாகப் பிடித்து ஒரே கூத்து. எல்லாரும் செத்து விழுவார்கள், வள்ளி அழுவாள், எல்லாரும் எழுந்திருப்பார்கள். 2003 சூலையில் விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் துரத்திப் பிடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. தலித் இளைஞன் முருகேசன், வன்னியர் பெண் கண்ணகி. விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 செப்டம்பர் ஆனது. முருகன் பேரை வைத்துக்கொண்டிருந்தும் அவனுக்குப் பிறப்பு ரகசியம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியவர்களும் வள்ளி திருமணத்துக்குக் கைதட்டி வளர்ந்த இதே தமிழ்ச் சமூகத்தின் பிள்ளைகள்தான். நாடகம் பார்த்து வெட்டினார்கள் என்று சொல்லவில்லை. மேடையில் களவுக்குக் கைதட்டின கை வீட்டுக்கு வந்து அரிவாளை எடுக்க எந்தச் சிரமமும் படவில்லை என்கிறேன். அந்த ஒட்டு இருக்கிறதே, அது அந்தக் கைக்கு வசதி.

அதற்காக இந்த நாடகத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை. சிரிப்பைப் பிடிங்கிக்கொண்டு நமக்கு என்ன அரசியல் மிஞ்சும்? ராஜ் கௌதமன் 1993இல் ‘தலித் பண்பாடு’ எழுதியபோது கலகமும் கேலியும் நம்ம ஆயுதம் என்றார். பாமாவின் ‘கிசும்புக்காரன்’ (1996) கதைகளில் சிரிப்பு கீழே இருந்து மேலே பாய்கிறது, பண்ணையாரைப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்க வைக்கிறது. சின்ன நைனா அன்றைக்குப் பண்ணியதும் அதே கிசும்புதான். அச்சேறவில்லை, அவ்வளவுதான். சண்டைக் காதலுக்கும் நம்மிடம் வேறு மாதிரி இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியின் கடைசியில் சிங்கனும் சிங்கியும் போட்டுக்கொள்கிற சண்டையைப் படித்துப் பாருங்கள். ஊரெல்லாம் குறி சொல்லி நகை வாங்கிப் போட்டு வந்தவளைப் பார்த்து, காலில் என்ன கையில் என்ன என்று அவன் சந்தேகமாகக் கேட்க, அவள் போக்குக் காட்டியே பதில் சொல்கிறாள். திரிகூடராசப்பக் கவிராயர் அங்கே யாருக்கும் முன்பிறவி வைக்கவில்லை. இரண்டு பேரும் குறவர், இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, யானை வரவில்லை. கவிராயருக்கு நம்மேல் பாசம் என்று நான் ஏமாறமாட்டேன். ஆனால் சமமானவர்கள் சண்டை போட்டால் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அது சாட்சி.

இந்த வருசம் எங்க காலனிப் பிள்ளைகள் கிருத்திகைக்கு வள்ளி திருமணம் போடுகிறோம் என்று ஏட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். வள்ளியாக நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, முதல் தடவையாகப் பெண்ணே வேஷம் கட்டுகிறாள். நாரதர் முன்பிறவி சொல்கிற முதல் காட்சியை வெட்டிவிடலாம் என்றேன். சின்ன நைனா ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இப்போது முட்டி வலி, ஆட முடியாது, திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்.

‘வெட்டாத. அவன் சொல்லட்டும், திருமால் மவ, மான் மவன்னு. கட்டியங்காரன எதுருல நிக்க வெச்சி, அப்ப கெழங்கு தோண்டனவன் யாரு, பாலு குடுத்தவ யாருன்னு கேக்க வையி. நாரதரு பதில் சொல்லட்டும்.’

‘நாரதர் என்ன பதில் சொல்வார் சின்ன நைனா?’

‘எனக்கு இன்னா தெரியும்? நீதான எம்மே படிச்சவ, எழுது.’

மூன்று வாரமாக எழுதிப் பார்க்கிறேன். நம்பிராசனுக்கு மூன்று பக்கம் வந்துவிட்டது. நாரதருக்கு ஒரு வரியும் வரவில்லை.